நோட்டீஸில் போட ஒரு சொல்

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதத்துக்கு ஒருவர் பேச வேண்டும். போன டிசம்பரில் என் முறை வந்தது. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், தலைப்பை மட்டும் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும், நோட்டீஸ் அடிக்கணும் என்றார் ஒருங்கிணைப்பாளர். அந்த நாட்களில் நான், எல்லாவற்றுக்கும் நடுவில் மனிதனை வைப்பதைக் கேள்வி கேட்கும் போஸ்ட்ஹியூமனிசம் என்ற சிந்தனைப் போக்கின் புத்தகங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதையே பேசுகிறேன் என்றேன். "தமிழ்ல என்னன்னு போட?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்தும் போனேன். மனிதர் வியாழன் சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, ஹியூமனிசம் என்றால் மனிதநேயம், போஸ்ட் என்றால் பின் என்று தானே கூட்டிப்பார்த்து, 'மனிதநேயத்துக்குப் பின்' என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் போன் வந்தது. வட்டத்தின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியர். "ஏன் தம்பி, மனிதநேயம் முடிஞ்சுபோச்சா?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்று முழுக்க அந்தக் கேள்வி விடவில்லை. தமிழில் மனிதநேயம் என்றால் வெள்ளத்தில் சோற்றுப் பொட்டலம் கொடுப்பது, ரத்தம் கொடுக்க நடுராத்திரியில் ஓடுவது. அதற்குப் பின் என்றால் வேறென்ன இருக்கும், கல்நெஞ்சம்தான். ஐரோப்பாவில் ஹியூமனிசம் என்ற சொல்லுக்குப் பின்னால் வேறொரு வரலாறு. இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தில் கிரேக்க, லத்தீன் ஏடுகளைத் தேடிப் படித்தவர்களில் தொடங்கி, மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்ற நம்பிக்கையாக அது வளர்ந்தது. 1490 வாக்கில் லியனார்டோ வரைந்த படம் எல்லோருக்கும் தெரியும். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே கைகால்களை விரித்து நிற்கும் ஆண். திடமான உடம்பு, ஐரோப்பிய முகம். பிரபஞ்சமே அவன் கைநீளத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். போஸ்ட்ஹியூமனிஸ்டுகளின் சண்டை அந்தப் படத்தோடுதான். இத்தாலியில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்து நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் பேராசிரியரான ரோசி பிரைடோட்டி, 2013இல் வந்த தன் நூலில் அந்தப் படத்தை வைத்துத்தான் வழக்கைத் தொடுக்கிறார். சோற்றுப் பொட்டலத்தோடு யாருக்கும் சண்டை இல்லை.

'பின்' என்ற சொல்லும் என்னைப் படுத்தியது. நாளைக்குப் பின் என்றால் காலம். முதுகுக்குப் பின் என்றால் இடம். இந்தச் சிந்தனையைக் காலத்தில் வைத்துப் புரிந்துகொண்டால் ரோபோக்கள் ஆளும் எதிர்காலம் பற்றியது என்று தோன்றிவிடும். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கென்னவோ நம் பேச்சில் உள்ள மூன்றாவது 'பின்'தான் பொருத்தமாகப் படுகிறது. "அவன் பின்னால யாரோ இருக்காங்கப்பா" என்கிறோமே, அது. நான்தான் செய்தேன் என்று மார்தட்டி நிற்கும் மனிதனுக்குப் பின்னால் யார் யார், எது எது இருக்கிறது? குடலில் உள்ள நுண்ணுயிரிகள், மூக்குக் கண்ணாடி, மின்கம்பி, நாய், நெல். இவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பவன் யார்?

சரி, சொல்லின் கதைக்கு வருகிறேன். இதை இலக்கிய விமர்சனத்துக்குள் கொண்டுவந்தவர் இஹாப் ஹசன். 1925இல் கெய்ரோவில் பிறந்தவர். 1946இல் அமெரிக்காவுக்குப் போனது மின்பொறியியல் படிக்க. முதுகலை வரை அதையே படித்து, பிறகு இலக்கியத்துக்குத் தாவினார். 1977இல் வெளியான அவரது கட்டுரை ஒன்று நாடக வடிவில் இருக்கிறது. பாத்திரங்கள் மனிதர்கள் அல்ல, பிரதிகள். அவை மேடையேறி மாறிமாறிப் பேசுகின்றன. ஐந்நூறு ஆண்டு கால ஹியூமனிசம் முடிவுக்கு வந்துகொண்டிருக்கலாம், அது வேறொன்றாக உருமாறுகிறது, அந்த வேறொன்றை வேறு வழியில்லாமல் போஸ்ட்ஹியூமனிசம் என்றுதான் அழைக்க வேண்டியிருக்கிறது என்று அதில் வருகிறது. அந்த 'வேறு வழியில்லாமல்' என்ற இடத்தை நான் பென்சிலால் இரண்டு முறை அடிக்கோடிட்டேன். பெயர் வைத்தவருக்கே பெயர் பிடிக்கவில்லை. இது சந்தேகத்துக்குரிய புதுச்சொல்லாக இருக்கலாம், புது கோஷமாக இருக்கலாம், மனிதன் அவ்வப்போது தன்னையே வெறுத்துக்கொள்வதன் இன்னொரு வடிவமாகவும் இருக்கலாம் என்று அவரே எச்சரிக்கிறார். ஒருங்கிணைப்பாளர் மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேயே போய்விட்டது.

படிக்கப் படிக்க ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இந்த வட்டாரத்தில் உருப்படியாக எழுதிய பலர் வேறு துறையிலிருந்து தாவி வந்தவர்கள். ஹசன் மின்பொறியாளர். கேத்தரின் ஹேல்ஸ் வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு ஆங்கில இலக்கியத்துக்கு வந்தவர். கரன் பராட் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர். டோனா ஹாரவே யேல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறையில் 1972இல் முனைவர் பட்டம் வாங்கியவர். இவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில், தாங்கள் நினைத்தபடி நடக்காத பொருள் எதனோடோ மாரடித்தவர்கள். கரைசல் நிறம் மாறவில்லை, கரு வளரவில்லை, சர்க்யூட் வேலை செய்யவில்லை. பொருளுக்கும் ஒரு சுபாவம் உண்டு, அது நம் பேச்சைக் கேட்காது என்பதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இவர்களுக்கு இல்லை.

ஹேல்ஸின் 1999ஆம் ஆண்டு நூல் ஒரு கெட்ட கனவில் தொடங்குகிறது. ஹான்ஸ் மொராவெக் என்ற ரோபோ ஆய்வாளர் 1988இல் ஒரு காட்சியை எழுதியிருந்தார். அறுவை சிகிச்சை செய்யும் ரோபோ ஒன்று ஓர் ஆளின் மூளையை அடுக்கு அடுக்காகச் சீவி எடுத்துக்கொண்டே அதிலுள்ள தகவலைக் கணினிக்கு மாற்றுகிறது. மண்டை காலியானதும் அந்த ஆள் இயந்திரத்துக்குள் கண் விழிக்கிறார். தான் மாறவே இல்லை என்று உணர்கிறார். மொராவெக்குக்கு இது இனிய கனவு. ஹேல்ஸுக்குக் குலை நடுங்கியது. உடம்பைத் தேங்காய் மட்டை போல உரித்து எறிந்துவிட்டு உள்ளே பருப்பு மட்டும் போதும் என்று புத்திசாலிகள் எப்படி நம்பத் தொடங்கினார்கள்? அதைத் தேடிப் போய், 1946 முதல் 1953 வரை நடந்த மேசி மாநாடுகளைப் பிடிக்கிறார். நார்பர்ட் வீனர், கிளாட் ஷானன், வாரன் மெக்கல்லோக், மார்கரெட் மீட், கிரிகரி பேட்சன் என்று கணிதம், நரம்பியல், மானுடவியல் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்த கூட்டங்கள் அவை. தகவல் என்பது அது தங்கும் பொருளைச் சாராதது என்ற எண்ணம் அங்கேதான் கெட்டிப்பட்டது என்பது அவர் வாதம். தகவல் தன் உடம்பைத் தொலைத்த கதை என்கிறார் இதை.

இங்கே ஒரு பங்காளிச் சண்டையையும் சொல்லிவிட வேண்டும். மூளையைக் கணினியில் ஏற்றலாம், சாவைத் தள்ளிப்போடலாம், மனிதனை மேம்படுத்தலாம் என்பவர்கள் டிரான்ஸ்ஹியூமனிஸ்டுகள். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1957இல் ஒரு கட்டுரைக்கே அந்தப் பெயரை வைத்தார். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். உண்மையில் டிரான்ஸ்ஹியூமனிஸ்டுகள் லியனார்டோவின் ஆளுக்கு இன்னும் நாலு கை ஒட்டவைக்கப் பார்ப்பவர்கள். மற்றவர்கள் வட்டத்தின் நடுவிலிருந்து அவனைக் கொஞ்சம் நகரச் சொல்பவர்கள். இதற்கு மேல் டிரான்ஸ்ஹியூமனிஸ்டுகளைப் பற்றி எழுத எனக்கு ஆர்வம் இல்லை. பணமும் விளம்பரமும் அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

நான் வட்டத்தில் பேசியபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தது ஒரு கதவின் கதைக்குத்தான். பிரெஞ்சுச் சிந்தனையாளர் புருனோ லத்தூர் பர்கண்டியில் ஒயின் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர், 2022இல் காலமானார். 1988இல் அவர் டோர் க்ளோசர் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கதவு தானாக மூடிக்கொள்ள மேலே மாட்டியிருக்குமே, அந்தச் சாமான்தான். போதாக்குறைக்கு ஜிம் ஜான்சன் என்ற பொய்ப்பெயரில், ஏதோ அமெரிக்கக் கல்லூரியில் இருப்பவர் போல எழுதினார். பிப்ரவரிக் குளிரில் ஒரு துறையின் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: க்ளோசர் வேலைநிறுத்தத்தில் இருக்கிறது, தயவுசெய்து கதவை மூடுங்கள். அந்த ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். சுவர் வேண்டும், ஆனால் சுவரில் வழியும் வேண்டும். வழி வைத்தால் குளிர் வரும். வருகிற போகிற ஒவ்வொருவருக்கும் கதவை மூடச் சொல்லித்தரலாம், நடக்காது. ஓர் ஆளைச் சம்பளத்துக்கு நிறுத்தலாம், அவன் தூங்கிவிடுவான். கடைசியில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டுகிறோம். ஆள் செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது. அதோடு நிற்கவில்லை, நம்மிடமும் வேலை வாங்குகிறது. வேகமாக அறையும் கதவு, ஓரத்தில் ஒதுங்கி நுழையப் பழக்குகிறது. விறைப்பான கதவு குழந்தைகளையும் வயதானவர்களையும் வெளியே நிறுத்துகிறது. அந்த இரும்புக்குள்ளே ஓர் ஒழுக்கமும் ஒரு பாரபட்சமும் இருக்கின்றன.

அவருடைய சகா மிஷேல் கலோன் சுரங்கப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1986இல் அவர் எழுதியது பிரான்சின் சான் பிரியேக் விரிகுடாவில் குறைந்துகொண்டே வந்த ஒரு வகைச் சிப்பியைப் பற்றியது. ஜப்பானில் சிப்பிக் குஞ்சுகளை வலைப்பைகளில் ஒட்டவைத்து வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்த மூன்று ஆய்வாளர்கள் பிரான்சிலும் அதைச் செய்யப் பார்த்தார்கள். கலோன் ஆய்வாளர்கள், மீனவர்கள், சிப்பிகள் ஆகிய மூன்று தரப்பையும் ஒரே சொற்களில் விவரிக்கிறார். மீனவர்கள் ஒத்துக்கொள்வார்களா? சிப்பிகள் ஒட்டிக்கொள்ளச் சம்மதிக்குமா? தொடக்கத்தில் சிப்பிகள் கொஞ்சம் ஒட்டின, அப்புறம் மறுத்துவிட்டன. மீனவர்களின் பிரதிநிதிகள் தலையாட்டினார்கள். கடைசியில் மீனவர்கள் போய், காபந்து பண்ணி வைத்திருந்ததையே அள்ளிவிட்டார்கள். இதைப் படித்தால் சிலருக்கு எரிச்சல் வரும், சிப்பி எப்படிச் சம்மதிக்கும் என்று. கடற்கரைக்காரர்களுக்கு வராது. மழை ஏமாத்திடுச்சு, மீன் வரமாட்டேங்குது என்றுதானே அங்கே பேசுகிறார்கள்.

உயிரும் இயந்திரமும் கலந்த உடம்பை சைபோர்க் என்பார்கள். ஹாரவேயின் சைபோர்க் அறிக்கை 1985இல் வந்தது. ரீகன் காலம், நட்சத்திரப் போர்த் திட்டக் காலம். சைபோர்க் என்ற சொல் 1960இல் விண்வெளிப் பயணத்துக்காக உண்டாக்கப்பட்டது. முதலில் அந்தப் பெயர் சூட்டப்பட்டவற்றில் ஒன்று, தோலுக்கடியில் மருந்து பம்ப் பொருத்திய வெள்ளை எலி. விண்வெளி ஆய்வில் பிறந்த அந்தச் சொல்லைத் திருடி, பெண்ணியத்துக்குக் கொண்டுவருகிறார் ஹாரவே. தூய்மையான இயற்கைப் பெண் என்ற தெய்வச் சிலை வேண்டாம், கலப்படமே மேல் என்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. கடைசி ஒன்பது வருடம் அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தது. அது ஒன்றும் புதுமை அல்ல. 1958இல், சைபோர்க் என்ற சொல் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே, ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு அதை உடம்புக்குள் வைத்தார்கள். முதல் கருவி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அவர் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு 2001 வரை, அதைச் செய்த பொறியாளருக்கும் பொருத்திய மருத்துவருக்கும் பிறகும் வாழ்ந்தார். அப்பா அதை 'தம்பி' என்பார். "தம்பி பாத்துக்குவான்." மைக்ரோவேவ் பக்கம் போகமாட்டார், செல்போனை இடது சட்டைப் பையில் வைக்கமாட்டார். அவர் இறந்த அன்று, எரிப்பதற்கு முன் அதை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். பேட்டரி சூட்டில் வெடிக்கும். ஒரு டெக்னீஷியன் வந்து சிறிதாகக் கீறி எடுத்தார். தீப்பெட்டியை விடச் சிறிய உலோகம். அம்மா அதை வாங்கிக் கழுவி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துவிட்டார். எது அப்பா, எது அப்பா இல்லை என்று அன்று யாரும் தத்துவம் பேசவில்லை. நான் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பிக்கு இன்னும் எத்தனை வருடச் சார்ஜ் மிச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இது ஒரு துறையாக ஆனது. 2007 முதல் கேரி வுல்ஃப் மின்னசோட்டா பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் ஒரு நூல்வரிசையே நடத்துகிறார். 2018இல் இந்தத் துறைக்கென்று ஐந்நூறு பக்கத்துக்கு மேல் ஒரு சொல்லடைவு வந்தது. ஒரு சிந்தனைக்கு ஐந்நூறு பக்க அகராதி தேவைப்படும்போது, கதவு கொஞ்சம் விறைப்பாகிவிட்டது என்று அர்த்தம். நான் படித்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. ஒரு காளானோ ஆமையோ முதல் பத்தியில் வந்து வணக்கம் சொல்லும். இரண்டாம் பத்தியிலிருந்து பிரெஞ்சுத் தத்துவவாதிகள் பேசத் தொடங்கிவிடுவார்கள், ஆமை திரும்ப வராது. மனிதனை நடுவிலிருந்து நகர்த்தச் சொல்லும் கட்டுரையின் நடுவே இருபது மனிதர்களின் பெயர்கள்.

வட்டத்தில் நான் பேசி முடித்ததும் அந்த ஆசிரியர் எழுந்தார். நோட்டீஸைப் பார்த்துப் போன் செய்தவர்தான். "தம்பி, நல்லா இருந்துச்சு. ஒரு சந்தேகம். எங்க ஊர்ல எங்க தாத்தாவ 'அது வந்திருக்கு, வெளிய நிக்கச் சொல்லு'ன்னுதான் சொல்லுவாங்க. அவரை மனுசனாவே இன்னும் கணக்குல எடுக்கல. நீங்க மனுசனுக்கு அப்புறம்ங்கிறீங்க. நாங்க எந்த வண்டியில வர்றது?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. எனக்கு உடனே பதில் இல்லை. இதையே ஒரு ஜமைக்கச் சிந்தனையாளர் கேட்டிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். சில்வியா விண்டர் அப்போது ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களின் வழக்கில் 1992இல் தீர்ப்பு வந்த பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்தது. அந்த ஊரின் நீதித்துறை அதிகாரிகள், ஏழைக் கறுப்பின இளைஞர்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கு 'மனிதர் யாரும் சம்பந்தப்படவில்லை' என்று பொருள்படும் மூன்றெழுத்துச் சுருக்கத்தை வழக்கமாகப் பயன்படுத்தினார்கள் என்பது வெளியே வந்தது. விண்டர் 1994இல் சக பேராசிரியர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்தச் சுருக்கத்தை எழுதிய அதிகாரிகள் நம் வகுப்புகளில் படித்தவர்கள்தானே, அந்தப் பாகுபாட்டை அவர்களுக்குக் கற்பித்தது யார் என்று கேட்டார். ஒருவகை மனிதன் தன்னையே ஒட்டுமொத்த மனித இனமாகக் காட்டிக்கொள்கிறான் என்பது பிற்பாடு அவர் விரித்துச் சொன்ன வாதம். கனடாவின் மேட்டி பழங்குடியைச் சேர்ந்த ஸோயி டாட், எடின்பரோவில் லத்தூரின் பேச்சைக் கேட்கப் போய், நிலமும் வானிலையும் உயிருள்ளவை என்று காலங்காலமாகச் சொல்லிவரும் பழங்குடிச் சிந்தனையாளர்களின் பெயர் வருமா வருமா என்று காத்திருந்ததையும், வராமலே போனதையும் எழுதியிருக்கிறார். இவர்களைப் படித்த பிறகு எனக்கு அந்தச் சொல்லடைவு இன்னும் மெலிந்து தெரிந்தது.

ஆசிரியரின் 'அது' என்னை இலக்கணத்துக்குத் துரத்தியது. "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே" என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் முதல் நூற்பாவிலேயே கோடு போட்டுவிடுகிறது, மற்றதெல்லாம் அஃறிணை. தமிழில் வாயைத் திறந்து படர்க்கையில் ஒரு வினைமுற்றைச் சொன்னாலே அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்று தீர்ப்பு எழுதியாக வேண்டும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. ஆனால் பேச்சில் அந்தக் கோடு நிலையாக நிற்பதில்லை. குழந்தை சிரித்தது என்கிறோம், கொஞ்சலாக. அதுங்கள உள்ள விடாதே என்றும் சொல்கிறோம். ஒரே அஃறிணை, ஒன்று மடியில் தூக்கி வைக்கிறது, ஒன்று வாசலில் நிறுத்துகிறது. அப்பாவின் தம்பி 'பாத்துக்குவான்' என்று உயர்திணையில் இருந்தான். ஆசிரியரின் தாத்தா அஃறிணையில் நின்றார்.

சட்டத்திலும் இந்தத் திணைமாற்றம் நடக்கிறது. நியூசிலாந்தில் 2017இல் வாங்கானுய் ஆறு மலையிலிருந்து கடல் வரை சட்டப்படி ஒரு நபர். அதன் சார்பில் பேச இரண்டு பேர். அது மாவோரி மக்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திய போராட்டத்தில் கிடைத்தது, போஸ்ட்ஹியூமனிசக் கருத்தரங்கில் அல்ல. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2022 ஏப்ரலில், வன நிலத்துக்குப் பட்டா கொடுத்த அதிகாரி ஒருவரின் வழக்கில், இயற்கை அன்னையை உயிருள்ள சட்ட நபராக அறிவித்தது. இதை நான் சொன்னதும் ஆசிரியர் ஒரு புன்னகை செய்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக மறுபடி ஹாரவே. இந்தத் துறையின் தாய் என்று எல்லோரும் கொண்டாடும் அவரே, எனக்கு இந்தப் பெயர் வேண்டாம் என்று 2016 நூலில் ஒதுங்கிக்கொண்டார். போஸ்ட்ஹியூமன் வேண்டாம், கம்போஸ்ட், அதாவது மட்கிய உரம், என்று வைத்துக்கொள் என்று அவருடைய துணைவர் சொன்னாராம். புழு நெளியும் அந்தக் குவியலில் சந்தோஷமாகக் குதித்துவிட்டேன் என்கிறார். ஆங்கிலத்தில் மனிதனைக் குறிக்கும் ஹியூமன் என்ற சொல்லும் மட்கிய மண்ணைக் குறிக்கும் ஹியூமஸ் என்ற சொல்லும் காதுக்கு உறவு போல ஒலிப்பதை வைத்து அவர் விளையாடுகிறார். இதைத் தமிழில் சொல்லவே முடியாது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் வீட்டு வாசலில் இருக்கும் பச்சைத் தொட்டியில் எழுதியிருப்பது கண்ணில் பட்டது. மக்கும் குப்பை. மக்கள், மக்கு. வேர்ச்சொல் ஆராய்ச்சி எல்லாம் இல்லை, வெறும் ஒலி ஒற்றுமைதான். ஆனால் வகுப்பில் பின்பெஞ்சுப் பையனை மக்கு என்று திட்டும் மொழியில், மக்குவதற்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தால் நன்றாகத்தானே இருக்கும்? இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஆசிரியர்தான் முதலில் சிரித்தார். "நானே முப்பது வருசம் பசங்களை அப்படித் திட்டியிருக்கேன்" என்றார்.

ஜனவரிக் கூட்டத்துக்குப் போனபோது ஒருங்கிணைப்பாளரின் பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். போன மாதத்துக்கான வரியில் 'மனிதநேயத்துக்குப் பின்' என்று எழுதி, குறுக்கே கோடு போட்டு அடித்து, மேலே நீல மையில் திருத்தியிருந்தார். டிசம்பர் உரை: மக்கு. வருகை: பதினேழு பேர்.